இரண்டு பெரிய முள் உள்ள கடிகாரம்

போன வருஷம் ஜூலை மாசம் பேத்தி பிறந்தாள். இங்கிலாந்தில், பிரிஸ்டல் என்ற ஊரில். பிரசவம் பார்க்க நானும் மனைவியும் ஆறு மாத விசாவில் போயிருந்தோம். அதிகாலை 4 மணி 52 நிமிஷம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழுதுவதற்கு முன்பே என் டைரியில் குறித்துவிட்டேன். 37 வருஷம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு, எது நடந்தாலும் முதலில் கை மணிக்கட்டைத்தான் திருப்பும்.

அன்று மாலையே கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் குடும்ப ஜோசியருக்கு வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பினேன். தேதி, நேரம், ஊர். எண்பது வயதுப் பெரியவர். மறுநாள் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"தம்பி, குழந்தைக்கு ஆசீர்வாதம். அந்த ஊர்ல இப்ப வெயில் காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருப்பாங்க. அதைக் கழிச்சாச்சா? அப்புறம் பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் பத்து நிமிஷம் வித்தியாசம் வருது. அதையும் கழிக்கணும். நம்ம கும்பகோணத்துக்கே பன்னிரண்டு நிமிஷம் கழிக்கிறோமே..."

நான் சிரித்தேன். மாப்பிள்ளையும் சிரித்தார். "மாமா, லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் எங்கே டைம் வித்தியாசம்? ரெண்டு இடத்திலயும் ஒரே மணிதானே!" என்றார். ஒண்ணே முக்கால் மணி நேர ரயில் பயணம். சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற மாதிரி. இதற்குள் என்ன நேர வித்தியாசம்?

ஆனால் சிரித்து முடித்த பிறகும், வாய்ஸ் மெசேஜின் கடைசி வரி மட்டும் என்னை விடவில்லை. கும்பகோணத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை எனக்கு வேறு ஒரு இடத்தில், வேறு ஒரு நாளில் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊருக்கு ஒரு மணி

பேத்தியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே ராத்திரிகளில் போனில் படிக்க ஆரம்பித்தேன். ஜோசியர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

பூமி ஒரு டிகிரி சுற்ற 4 நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. லண்டனுக்கு மேற்கே பிரிஸ்டல் ஏறக்குறைய இரண்டரை டிகிரி தள்ளி இருக்கிறது. அதனால் லண்டனில் சூரியன் உச்சிக்கு வந்த பிறகு, பிரிஸ்டலில் உச்சிக்கு வர இன்னும் 10 நிமிஷம் ஆகும். ரயில் வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில் ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் கணக்கை வைத்துத்தான் கடிகாரத்தை வைத்துக்கொண்டது. லண்டனில் மணி 12 என்றால் ஆக்ஸ்ஃபோர்டில் 11.55. பிரிஸ்டலில் 11.50. எக்ஸிடர் என்ற ஊரில் 11.46. கிழக்குக் கடற்கரையில் கிரேட் யார்மவுத்தில் 12.07. அத்தனை சின்ன நாட்டுக்குள் இத்தனை மணி!

யாருக்கும் அது இடைஞ்சலாகவே இல்லை. குதிரை வண்டி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விடும். 1784-ல் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் தபால் வண்டி கிளம்பியபோது, போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம் ஆனது. அதில் பத்து நிமிஷம் யார் கண்ணில் படும்? தபால் வண்டியின் கார்டு மட்டும் கையில் ஒரு கடிகாரம் வைத்திருப்பார். போகிற திசைக்கு ஏற்ப அது கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும்படி திருகி வைத்துவிடுவார்களாம். போய்ச் சேரும்போது அந்த ஊர் மணியும் வண்டி மணியும் ஒத்துப்போக வேண்டுமே!

இதை மனைவியிடம் சொன்னேன். "நம்ம ஊர் கல்யாண வீட்டுல முகூர்த்த நேரத்துக்கு ஏத்த மாதிரி கடிகாரத்தைத் திருப்புவாங்களே, அது மாதிரியா?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான்.

ரயில் வந்தது, தகராறும் வந்தது

ரயில் வந்ததும் கதை மாறியது. எனக்கு இது படிக்காமலே புரியும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் வண்டி ஓடுகிற செக்‌ஷனில் வேலை பார்த்தவன் நான். அந்தப் பக்க ஸ்டேஷன் கடிகாரமும் இந்தப் பக்க ஸ்டேஷன் கடிகாரமும் வேறு வேறு மணி காட்டினால் டிரெயின் சிக்னல் ரிஜிஸ்டரில் என்னத்தை எழுதுவது? தினமும் மாலை 4 மணிக்கு கன்ட்ரோலில் இருந்து டைம் சிக்னல் வரும். அந்த நொடியில் ஸ்டேஷன் கடிகாரத்தைச் சரிபார்த்து எழுதி வைப்போம். சாமி கும்பிட மறந்தாலும் அதை மறக்க மாட்டோம்.

லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ரயில் பாதை போட்டது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே. அந்தப் பாதையின் இன்ஜினீயர் புருனெல். பாதை முழுவதும் திறப்பதற்கு முன்பே, 1840 நவம்பரில், எங்கள் எல்லா ஸ்டேஷனிலும் லண்டன் மணிதான் என்று கம்பெனி முடிவு எடுத்துவிட்டது. இப்படிச் செய்த முதல் ரயில்வே அதுதான். 1841 ஜூன் 30-ம் தேதி பிரிஸ்டல் வரை வண்டி ஓடத் தொடங்கியது. கால அட்டவணையில் கணக்கும் போட்டிருந்தார்கள்: எங்கள் மணி ரெடிங் ஊர் மணிக்கு 4 நிமிஷம் முந்தி, சிப்பனம் ஊருக்கு 8 நிமிஷம் முந்தி, பிரிட்ஜ்வாட்டருக்கு 14 நிமிஷம் முந்தி என்று.

இப்போது பிரிஸ்டல்காரரின் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மணி வண்டி. ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், 11.52. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறதே என்று நிதானமாக ஸ்டேஷனுக்குள் நுழைகிறார். வண்டி போய் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அவர் தப்பு செய்யவில்லை. அவர் ஊர்க் கடிகாரமும் தப்பு இல்லை. ஆனாலும் வண்டி போய்விட்டது.

1847-ல் ரயில்வே கம்பெனிகளின் பொது அமைப்பு, எல்லா ரயில்வேயும் கிரீன்விச் மணிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொன்னது. கிரீன்விச் என்பது லண்டனில் உள்ள வானியல் கூடம். அங்கே 1833 முதல் தினமும் மதியம் ஒரு மணிக்கு ஒரு பெரிய பந்து கம்பத்திலிருந்து கீழே இறங்கும். தேம்ஸ் நதியில் நிற்கிற கப்பல்காரர்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். 1852-லிருந்து தந்திக் கம்பி வழியாகவே கிரீன்விச் மணி ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது.

மாற மாட்டேன் என்ற ஊர்கள்

ரயில்வே மாறிவிட்டது. ஊர் மாறுமா? சில ஊர்கள் உடனே மாறின. சில ஊர்கள் முறைத்துக்கொண்டு நின்றன.

எக்ஸிடரில் ரயில் 1844-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ஊருக்கே மணி சொல்கிற தேவாலயக் கடிகாரத்தை மாற்ற அங்கிருந்த தலைமை குரு ஒப்புக்கொள்ளவில்லை. 14 நிமிஷ வித்தியாசத்தோடு ஊரும் ரயிலும் எட்டு வருஷம் குடித்தனம் நடத்தின. 1852-ல்தான் கடிகாரம் மாறியது. பிரிஸ்டலும் அதே வருஷம் செப்டம்பரில்தான் வழிக்கு வந்தது.

இதில் கோர்ட் கேஸ் கூட நடந்திருக்கிறது. 1858-ல் டார்செஸ்டர் என்ற ஊரில் ஒரு நில வழக்கு. காலை 10 மணிக்கு விசாரணை. கோர்ட் கடிகாரம் கிரீன்விச் மணி. நீதிபதி உட்கார்ந்தார், பிரதிவாதி வரவில்லை, தீர்ப்பு வாதிக்குச் சாதகமாகப் போய்விட்டது. பிரதிவாதி வந்து, "ஊர்க் கடிகாரப்படி நான் சரியான நேரத்துக்குத்தானே வந்தேன்" என்றார். ஊர் மணி அங்கே ஏறக்குறைய 10 நிமிஷம் பிந்தி. மேல் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? பத்து மணி என்றால் அந்த ஊரின் பத்து மணிதான், சட்டத்தில் வேறு எதுவும் சொல்லவில்லை என்றது. கேஸ் மறுபடி நடந்தது.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்க 1880 ஆகஸ்ட்டில் ஒரு சட்டம் வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் கிரீன்விச் மணி. அப்போது அயர்லாந்தும் அதே அரசின் கீழ்தான் இருந்தது. அதற்கு மட்டும் டப்ளின் மணி. கிரீன்விச்சுக்கு 25 நிமிஷம் 21 விநாடி பிந்தி. அந்த 21 விநாடியைக் கூட விடவில்லை பாருங்கள்! 36 வருஷம் ஒரே நாட்டில் இரண்டு மணி ஓடியது. 1916 ஏப்ரலில் டப்ளினில் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. தலைவர்கள் மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் அக்டோபர் 1-ம் தேதி டப்ளின் மணியும் கிரீன்விச் மணிக்குள் கரைந்துபோனது. காரணம் போர்க்கால நிர்வாக வசதிதான். ஆனாலும் அந்த வருஷத்தில், அந்த ஊரில், தங்கள் மணியையும் எடுத்துக்கொண்டார்கள் என்று சிலருக்கு வலித்ததில் ஆச்சரியம் இல்லை.

எல்லாவற்றிலும் என் மனைவிக்குப் பிடித்தது மணி விற்ற அம்மாளின் கதை. ரூத் பெல்வில் என்று பெயர். தயிர் விற்கிற மாதிரி, பூ விற்கிற மாதிரி, இந்த அம்மாள் லண்டனில் மணி விற்றார். கிரீன்விச் கூடத்துக்குப் போய்த் தன் பாக்கெட் கடிகாரத்தைச் சரிபார்த்து எழுதி வாங்கிக்கொள்வார். பிறகு கடை கடையாகப் போவார். சந்தா கட்டியவர்கள் அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். 1836-ல் அவர் அப்பா ஆரம்பித்த தொழில். அப்பாவுக்குப் பிறகு அம்மா. அம்மாவுக்குப் பிறகு 1892-லிருந்து இவர். தந்தி வந்தது, ரேடியோ வந்தது, இவர் நிறுத்தவில்லை. 1940 வரை, எண்பது வயதைத் தாண்டியும் நடந்திருக்கிறார். அந்தக் கடிகாரத்துக்கு அதைச் செய்தவரின் பெயரையே வைத்திருந்தார்: 'ஆர்னால்டு'.

"அப்பா வெச்சிட்டுப் போன கடிகாரத்தை எப்படிக் காப்பாத்தியிருக்கா பாருங்க" என்றாள் மனைவி.

எனக்குச் சுருக்கென்றது. அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது.

கார்ன் எக்ஸ்சேஞ்ச் வாசலில்

நாற்பது நாள் முடிகிற வரை குழந்தையை வெளியே எடுக்கக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டிருந்தாள். முடிந்ததும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, குடும்பமாகக் கடைத்தெருவுக்குப் போனோம். செயின்ட் நிக்கலஸ் மார்க்கெட். பழைய பாணி மார்க்கெட், சின்னச் சின்னக் கடைகள். அதன் முகப்பில் கார்ன் எக்ஸ்சேஞ்ச் என்ற பெரிய கட்டடம். 1743-ல் கட்டி முடித்தது. தானிய வியாபாரிகள் கூடிப் பேரம் பேசிய இடம். வாசலில் இடுப்பளவு உயரத்தில் நாலு வெண்கலத் தூண், மேலே தட்டு. வியாபாரிகள் அந்தத் தட்டின் மேல்தான் பணத்தை எண்ணி வைப்பார்களாம்.

"அப்பா, மேலே பாருங்க" என்றாள் மகள்.

1822-ல் வைத்த கடிகாரம். சின்ன முள் ஒன்று. பெரிய முள் இரண்டு! ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சிவப்பு முள் 4-ல் இருந்தது. கறுப்பு முள் 2-ல் இருந்தது. சிவப்பு காட்டுவது நாடு முழுவதற்குமான மணி, 2.20. கறுப்பு காட்டுவது பிரிஸ்டலின் சொந்த மணி, 2.10. இப்போது சிவப்பு முள்ளில் கோடைக்காலத்து ஒரு மணி நேரமும் சேர்ந்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். இரண்டு முள்ளுக்கும் நடுவே பத்து நிமிஷம், அச்சு அசலாக ஜோசியர் சொன்னது.

மாப்பிள்ளை தினமும் ஆபீஸ் போகிற வழிதானாம். "மூணு வருஷமா பார்க்கிறேன் மாமா, ரிப்பேர்னு நினைச்சேன்" என்றார்.

சட்டப்படி என்றோ ஒழிந்துபோன மணி அது. அதைப் பார்த்து யாரும் பஸ் பிடிப்பது இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் அதைக் கழற்றிப் போடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் பெரிய மணி, தினமும் ராத்திரி 101 தடவை அடிக்கும். ஒன்பது மணிக்கு அல்ல, 9.05-க்கு. ஏனென்றால் ஆக்ஸ்ஃபோர்டின் சொந்தக் கணக்கில் அப்போதுதான் மணி ஒன்பது.

எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குள் போனார்கள். நான் பேத்தியின் தள்ளுவண்டியோடு அந்த வெண்கலத் தூண் பக்கத்தில் நின்றுவிட்டேன். இனி அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவின் கடிகாரம்

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக் கூடத்தில் ஒரு பெண்டுலக் கடிகாரம். வாரம் ஒரு தடவை சாவி கொடுப்பது அப்பாவின் வேலை. அதற்கு மணி வைப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. ரேடியோ கேட்டு வைக்க மாட்டார். சித்திரை முதல் நாள், வருஷப் பிறப்பன்று, கிணற்றடித் தூணின் நிழல் தரையில் அவர் போட்டு வைத்த கோட்டைத் தொடுகிற வரை வெயிலில் நிற்பார். தொட்டதும், "பன்னிரண்டு!" என்று குரல் கொடுப்பார். உள்ளே அண்ணன் முள்ளைத் திருப்புவான். சின்ன வயதில் எனக்கு அது திருவிழா. வேலைக்குப் போன பிறகு அது வேடிக்கையாகிவிட்டது. "அப்பா, இது ஸ்லோ" என்பேன். "எனக்கு இது போதும்டா" என்பார்.

1987, வைகாசி மாசம். விழுப்புரம் - தஞ்சாவூர் மெயின் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷனில் எனக்கு ராத்திரி டூட்டி. விடியற்காலையில் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொன்னார்: "உங்க அப்பாவுக்கு முடியலையாம். ஆள் அனுப்பியிருக்காங்க." ரிலீவர் ஆறு மணிக்குச் சரியாக வந்துவிட்டார். "நீங்க கிளம்புங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். நான் உட்கார்ந்து ரிஜிஸ்டரை முடித்து, டோக்கன் கணக்கு ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, எப்போதும்போல பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தப் பத்து நிமிஷம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, "உயிர் போன நேரம் என்ன?" என்று கேட்டார். அண்ணன் சுவரைக் காட்டி, "எட்டு இருபது" என்றான்.

என் கை மணிக்கட்டைத் திருப்பியது. வாய் தானாகச் சொன்னது.

"அந்தக் கடிகாரம் பன்னிரண்டு நிமிஷம் ஸ்லோ. எட்டு முப்பத்திரண்டுன்னு எழுதுங்க."

அப்பாவின் காலைக் கூட இன்னும் தொடவில்லை நான்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "அப்பா போனது உனக்கு லேட் ரன்னிங் ரிப்போர்ட்டாடா?" என்று கேட்டான். அவ்வளவுதான். கத்தவில்லை. அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் போக வர இருந்தோம். பேசினோம். ஆனால் பேச்சில் ஒரு அளவு வந்துவிட்டது. முப்பத்தேழு வருஷம்.

நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டுதான் இருந்தேன். நேரம் தப்பாக எழுதினால் திதி, கணக்கு எல்லாம் தப்பாகுமே, நான் சொன்னது சரிதானே, கடிகாரம் ஸ்லோதானே என்று.

ஸ்லோ இல்லை. ஜோசியர் சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். இந்தியா முழுவதற்கும் ஒரே மணி என்று 1906-ல் வந்தது. அதற்கு முன்னால் சென்னைக்குச் சொந்த மணி இருந்தது. 1802-ல் சென்னை வானியல் கூடத்தில் இருந்த கோல்டிங்ஹாம் என்பவர் கணக்கிட்டுக் கொடுத்தது. பல வருஷம் இந்திய ரயில்களே அந்த மெட்ராஸ் மணியில்தான் ஓடின. இப்போது நாம் வைத்திருக்கிற இந்திய மணி, சென்னையின் சொந்த மணிக்கு 9 நிமிஷம் முந்தி. கும்பகோணம் இன்னும் கொஞ்சம் மேற்கே. அங்கே 12 நிமிஷம் சொச்சம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நிழல் பார்த்து மணி வைத்தால் வருஷத்தில் பெரும்பாலான நாள் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. நவம்பரில் கால் மணி நேரம் வரை கூட விலகும். ஏறக்குறைய சரியாகப் பொருந்துகிற நாட்கள் வருஷத்தில் நாலுதான். அதில் ஒன்று ஏப்ரல் நடுவில், நம் சித்திரை முதல் தேதியை ஒட்டி வருகிறது. அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா, அவர் அப்பா செய்ததைச் செய்தாரா, தெரியாது. ஆனால் அந்தக் கடிகாரம் எங்கள் ஊரின் மணியைச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அப்பா போனது எட்டு இருபதுக்குத்தான். என் வாட்ச்சில் எட்டு முப்பத்திரண்டு. இரண்டும் சரி.

அந்த பிரிஸ்டல் கடிகாரத்தில் இரண்டு பெரிய முள்ளும் ஒன்றையொன்று இடிக்காமல் பத்து நிமிஷ இடைவெளியில் போய்க்கொண்டிருந்தன. இருநூறு வருஷத்துக் கடிகாரத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது. எங்கள் கூடத்தில் அன்றைக்கு இல்லாமல் போனது.

போனை எடுத்தேன்.

"என்னடா, குழந்தை நல்லா இருக்கா?" அண்ணன்தான். இந்தியாவில் மாலை ஆறு ஐம்பது.

"நல்லா இருக்காண்ணே. இங்கதான் பக்கத்துல தூங்கறா. ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

"அப்பாவோட கடிகாரம் ஸ்லோ இல்லண்ணே. அது நம்ம ஊர் மணி. அன்னிக்கு நீ சொன்ன எட்டு இருபதுதான் சரி. நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

"எந்த மணி?" என்றான் அண்ணன் மெதுவாக. "அதைத்தான் அன்னிக்கு ராத்திரியே மாத்திட்டேனேடா."

"எதை?"

"கடிகாரத்தை. நீ சொன்னியேன்னு பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சேன். படிச்சவன், ரயில்வேக்காரன் சொன்னா சரியாத்தானே இருக்கும்னு. அதுக்கப்புறம் ரேடியோ மணிதான். நிழல் பார்க்கறதை விட்டாச்சு."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனை வருஷமும் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தவன் நான். பார்த்திருந்தால், என் வாட்ச்சும் அதுவும் ஒரே மணி காட்டுவது தெரிந்திருக்கும். என் மேல் கோபமாக இருக்கிறான் என்று நான் நினைத்த அண்ணன், என் பேச்சைக் கேட்டு அன்று ராத்திரியே முள்ளைத் திருப்பியிருக்கிறான்.

"அந்தக் கோடு இருக்காண்ணே? கிணத்தடியில?"

"சிமென்ட் பூசினப்ப போயிடுச்சு. தூண் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "வருஷப் பிறப்புக்கு வா. நீ வெயில்ல நில்லு. நான் உள்ளே நிக்கறேன். எனக்கு இப்ப ஸ்டூல்ல ஏற முடியாது, பேரனை ஏத்திடலாம்."

"சரிண்ணே."

"அங்க மணி என்னடா இப்போ?"

நிமிர்ந்து பார்த்தேன். "ரெண்டு இருக்குண்ணே. உனக்கு எது வேணும்?"

அண்ணன் சிரித்தான். எவ்வளவோ வருஷத்துக்கு முந்தைய சிரிப்பு.

பின்குறிப்பாக ஒன்று. பேத்தியின் ஜாதகம் வந்துவிட்டது. நர்ஸ் எழுதிய 4.52-ல் ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் கழித்து, பிரிஸ்டலின் சொந்த மணிப்படி 3.42 என்று ஜோசியர் எழுதியிருக்கிறார். லக்னம் மாறவில்லையாம், நவாம்சம் மட்டும் மாறுகிறதாம். நர்ஸ் எழுதியதில் ஒரு மணி, ஜாதகத்தில் ஒரு மணி. மகள், "எதுப்பா சரி?" என்று கேட்டாள்.

முன்பாக இருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். இந்தத் தடவை இரண்டையும் டைரியில் எழுதிக்கொண்டேன்.